ஜீவராணியின் இடது கால்

ஆஸ்பத்திரிக் காகிதத்தின்படி எனக்கு இடது கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நோயாளியின் பெயர் ஜீவராணி, வயது முப்பத்துநாலு, தொழில் தோட்டத் தொழிலாளி. எல்லாம் என் விவரம்தான். கால் மட்டும் என் மாமியாருடையது.

இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதன் தகரத்துக்குக் கீழேதான் படுக்கிறோம். அங்கே வீட்டுக்கு ஒரு பெயராவது செக்ரோலில் இருக்க வேண்டும். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று தினமும் பதிகிற புத்தகம் அது. அதில் பெயர் இருந்தால், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, உண்டு. பெயரை வெட்டிவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாலு தலைமுறை அந்த மண்ணிலேயே பிறந்து அந்த மண்ணிலேயே புதைந்திருந்தாலும் அதுதான் நியாயம்.

என் புருஷன் கஜேந்திரன் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டார். அவரைப் பற்றி இவ்வளவு போதும். மிஞ்சியது மூன்று பேர். நான், பத்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் தனுஷிகா, பிறகு என் மாமியார் அம்மாக்கண்ணு. தான் பெற்ற பிள்ளையின் பக்கம் போகாமல் என் பக்கம் நின்றவர் அவர். ஐம்பத்தைந்து வயதில் அவர் பெயரை வெட்டி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் ஒருத்தியின் கொழுந்து பறிக்கிற சம்பளம் அடுப்புக்கே போதவில்லை. நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை கிடைத்தது. அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானுஓயாவில் ரயிலேறி வீட்டுக்கு வருவேன்.

என் பெயர் மட்டும் தோட்டத்திலேயே இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை நல்லமுத்து, "ஜீவராணி" என்று கூப்பிடுவார். "இருக்கேன்யா" என்று என் மாமியார் சொல்வார். அறுபத்தொரு வயது ஜீவராணி, தலை நரைத்த ஜீவராணி. நான்கு வருடம் இப்படி ஓடியது.

இதை எங்கள் வீட்டுத் திருட்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம். எங்கள் கேங்கில் இருபத்திரண்டு பெயர். அதில் ஒன்பது பெயருக்கு வேறு ஆள்தான் மலைக்குப் போனது. பக்கத்துக் காம்பரா மீனம்மாக்கா, தன் மகள் பிரியந்தியின் பெயரில் வருவார். பிரியந்தி குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நல்லமுத்துவுக்குத் தெரியும். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்குத் தெரியும். தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் தெரியாமலில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் கூடை நிறைந்தால் போதும், எந்தக் கை பறித்தது என்று யாரும் கேட்பதில்லை. கால் நசுங்கினால்தான் கேட்கிறார்கள்.

ஆடி மாசத்து மழை. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வளைவில் ட்ரெக்டரைச் சரிவில் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பிரேக் பல மாசமாகச் சரியில்லை. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு ஈரத்தில் கல் வழுக்கிவிட்டது. வண்டி பின்னால் உருண்டபோது மாமியார் சாக்கைத் தூக்கக் குனிந்திருக்கிறார். சக்கரத்துக்கும் கற்கட்டுக்கும் நடுவில் அவர் கால். மீனம்மாக்காதான் தன் தலைத்துண்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டியது. அந்தக் கட்டு இல்லாவிட்டால் வழியிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ட்ரெக்டருக்கு இரண்டே நாளில் புதுப் பிரேக் போட்டார்கள். அதற்கு எந்தப் பெயரும் கேட்கவில்லை.

செய்தி வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது சாயந்தரமாகிவிட்டது. அம்மாக்கண்ணு எந்த வார்டு என்று கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். செத்துப்போனவர்களை வைக்கிற இடம் எது என்று கேட்கக்கூட வாய் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஜன்னலோரக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. சிங்களத்தில் என் பெயர் எழுதியிருந்தது. அதன் கீழே என் மாமியார் கிடந்தார். போர்வை இடது பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது வலியைப் பற்றி அல்ல.

"பேர மாத்திச் சொல்லல புள்ள" என்றார். "மயக்க ஊசி போடுறப்பவும் கேட்டாங்க. ஜீவராணின்னுதான் சொன்னேன். வயசும் ஒன் வயசுதான் சொன்னேன்."

வேனில் ஏற்றும்போதே நல்லமுத்து அவர் காதில், பெயர் கேட்டால் செக்ரோலில் உள்ளதையே சொல்லும்படி சொல்லியனுப்பியிருக்கிறார். நர்ஸ் அந்த வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டு முப்பத்துநாலு என்று எழுதிக்கொண்டாளாம். தோட்டத்துப் பெண்கள் சீக்கிரம் கிழடு தட்டிவிடுவார்கள் என்று நினைத்திருப்பாள். அதிலும் பெரிய பிழையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நஷ்டஈடு என்ற பேச்சு வந்தது. தலவாக்கலையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிற இக்ராம் நானாதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஃபோர்ம் நிரப்பிக் கொடுப்பவர். வேலை செய்யும்போது அடிபட்டால் தோட்டம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், தொழில் கந்தோர் என்கிற அரசாங்க ஒப்பீஸுக்கு எழுதலாம் என்று அவர் சொன்னார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் கோட்டிலேயே நின்றுவிட்டார்.

"காயப்பட்டவங்கட பேரு கேட்டிருக்கு. யார எழுதுறது?"

நான் ஆஸ்பத்திரிக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒங்கட பேர எழுதினா ஆஸ்பத்திரிக் காகிதத்தோட ஒத்துப் போகும். ஆனா நீங்கதான் போய் டொக்டர்மாருக்குக் கால காட்டணும். ரெண்டு காலயும் வெச்சிக்கிட்டு எப்பிடிக் காட்டுவீங்க? மாமிட பேர எழுதினா உண்மை. ஆனா அன்னைக்கு அவங்கதான் வேல செஞ்சாங்கன்னு காட்டணும். வேல செஞ்ச ஆளத்தான் சட்டம் பார்க்கும்னு நான் நம்புறன். நான் கொப்பி அடிக்கிறவன், லோயர் இல்ல."

அம்மாக்கண்ணு என்றே எழுதச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னை ஒப்பீஸுக்கு வரச் சொன்னார். எங்கள் ஆள்தான். அவருடைய அப்பாவும் இதே தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னார். தோட்டத்து ஒப்பீஸில் என்னை யாரும் அதுவரை உட்காரச் சொன்னதில்லை. அப்போதே விளங்கிவிட்டது, எனக்குக் குழி தோண்டியாகிவிட்டது என்று.

தொழில் கந்தோருக்குத் தோட்டம் அனுப்பிய பதிலை அவரே வாசித்துக் காட்டினார். அம்மாக்கண்ணு ஓய்வு பெற்றவர். அன்று மலையில் வேலை செய்துகொண்டிருந்தது மருமகள் ஜீவராணி. மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் மாமியார் அடிபட்டுவிட்டார். பதற்றத்தில் ஆஸ்பத்திரியில் மருமகளின் பெயரைச் சொல்லியிருக்கிறார். வேலை செய்யாதவருக்கு நஷ்டஈடு இல்லை.

நன்றாக யோசித்துச் செய்த பொய். இதில் என் பெயர் பிழைக்கும், தோட்டம் பிழைக்கும், நல்லமுத்துவின் வேலை பிழைக்கும். கால் மட்டும்தான் போகும். அது ஏற்கெனவே போய்விட்டது.

"நான் அன்னைக்கு நுவரெலியாவில இருந்தேன்" என்றேன். "கெஸ்ட் ஹவுஸ் டியூட்டி பொஸ்தகத்தில கையெழுத்துப் போட்டிருக்கேன். அதக் கொண்டாந்து காட்டுவேன்."

"தாராளமா காட்டு" என்றார் கிளாக்கர், கொஞ்சமும் கோபப்படாமல். "நாலு வருஷமா நீ வேலைக்கு வரலன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நாங்க பேர வெட்டுவோம். பேரு இல்லாதவங்களுக்குக் காம்பரா எதுக்கு? மக படிக்கிறா போல. யோசிச்சு செய்யி ஜீவராணி."

யோசித்தேன். பத்து நாள் யோசித்தேன். முடிவெடுக்க வைத்தது கிளாக்கர் அல்ல, கக்கூஸ். எங்கள் லயத்துக் கக்கூஸ் முப்பது படிக்குக் கீழே இருக்கிறது. மழையில் பாசி பிடித்த படி. நான் லீவில் வீட்டிலிருந்த நாட்களில் நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து மாமியாரை இறக்குவோம், ஏற்றுவோம். ஒருநாள் தனுஷிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாயி தண்ணியே குடிக்கிறதில்ல. நீங்க இல்லாத நாள்ல நான் ஸ்கூல் விட்டு வார வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேங்கிறாங்க. குடிச்சா கீழ போகணுமேன்னு."

அன்றைக்கு நான் அழுதேன். அழுது முடித்ததும் வந்தது ஆத்திரம். நாற்பது வருடம் மழையில் நனைந்த மனுஷி, இப்போது தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பயந்து கிடக்கிறாள். அந்த நஷ்டஈடு வந்தால் நல்ல பொய்க்கால் ஒன்று வைக்கலாம். டவுனில் கக்கூஸோடு ஒரு சின்ன அறை பார்க்கலாம். காம்பரா போனால் போகட்டும், பெயர் போனால் போகட்டும் என்று கெஸ்ட் ஹவுஸ் மேனேஜரிடம் கெஞ்சி டியூட்டிப் புத்தகத்தின் கொப்பியை வாங்கிவிட்டேன். மாமியார் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை.

பார்த்த சாட்சி ஒருத்தராவது வேண்டும் என்று இக்ராம் நானா சொல்லியிருந்தார். கேங்கில் ஒவ்வொரு வாசலாக ஏறினேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தார்கள், மாமியாரைக் கேட்டார்கள், பார்ப்போம் என்றார்கள். வேறு ஆளின் பெயரில் வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? சொந்தப் பெயரில் வருகிறவர்களுக்கும் அக்காவோ நாத்தனாரோ அந்த ஒன்பதில் இருந்தாள். கடைசியில் மீனம்மாக்கா ஒருத்திதான் வருகிறேன் என்றார்.

"கட்டுப் போட்டது என் கைதானே" என்றார். "பார்க்கலன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

அவரும் இன்னொருத்தி பெயரில் வருகிறவர் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்றும் ஓரளவுக்குத் தெரியும். ஆனாலும் நான் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை. எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்ட கந்தோர் இரண்டாம் மாடியில். வேலையில் கை கால் போனவர்கள் ஏறிவருகிற இடத்தை மாடியில் வைத்தவன் எவனோ, அவன் கெட்டிக்காரன். பாதிப் பேர் படியைப் பார்த்ததுமே திரும்பிப் போயிருப்பார்கள். நானும் இக்ராம் நானாவும் நாற்காலியோடு மாமியாரைத் தூக்கி ஏற்றினோம். மீனம்மாக்கா ஊன்றுகட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நானா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே அதிகாரி ஒரு சிங்கள மேடம். நல்ல மனுஷிதான், பொய் சொல்லக் கூடாது. மாமியாரை முதலில் வசதியாக உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். எனக்குச் சிங்களம் தெரியும் என்றதும், மொழிபெயர்க்கிறவர் இன்று லீவு, நீயே சொல், பிழையாகச் சொன்னால் இவர் திருத்தட்டும் என்று பெரிய கிளாக்கரைக் காட்டினார். கிளாக்கர் எதிரே செக்ரோலோடு உட்கார்ந்திருந்தார்.

டியூட்டிப் புத்தகத்தின் கொப்பியை மேடம் இரண்டு தடவை பார்த்தார். இதை நான் ஏற்றுக்கொண்டால் தோட்டத்தில் உன் பெயர் இருக்காது, தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். தெரியும் என்றேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிடுவோம் என்றே நினைத்தேன்.

"நீ அங்கே இல்லை என்பது இதில் தெரிகிறது. இவர் அங்கே வேலை செய்தார் என்பதை யார் பார்த்தது?"

மீனம்மாக்கா எழுந்தார்.

"பெயர் என்ன? அடையாள அட்டையைக் கொடுங்கள்."

மீனம்மாக்கா இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதிலிருந்து அட்டையை எடுக்க அவர் விரல்களுக்கு நேரம் பிடித்தது. கிளாக்கர் செக்ரோலில் அந்தத் தேதிப் பக்கத்தைத் திறந்து, கோடு போடுகிற ஒரு அடிமட்டத்தை எடுத்து முதல் பெயருக்குக் கீழே வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மீனம்மா என்ற பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெயர் இல்லாதவள் அங்கே எப்படி நின்றாள், யாருடைய பெயரில் நின்றாள் என்று கேட்பார். பிறகு அந்த அடிமட்டம் ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கும்.

"மீனம்மா, நீ உக்காரு" என்றார் என் மாமியார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மேடத்தைப் பார்த்துப் பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சொன்னதுதான்.

"அம்மா, நான் அன்னைக்கு வேல செய்யல. மருமகதான் மலையில நின்னா. நான் அவளுக்குச் சோத்துப் பெட்டி கொண்டு போனேன். அந்த எடத்திலதான் அடிபட்டுச்சு. தோட்டத்து ஆளுங்க எழுதியிருக்கிறது சரி."

மேடம் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மாற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். வலியில் உளறுகிறார், வயதாகிவிட்டது என்று சொல்லலாமா? கிளாக்கர் பேனாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள் என்று சொல்லும்போது பார்ப்பதுபோல் சாதாரணமாகத்தான் பார்த்தார்.

நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் வேலை செய்யவில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்தார். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மேடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மாமியார் அதையே சொன்னார், மூன்று தடவையும் நான் அதையே சொன்னேன். பிறகு மேடம் டியூட்டிப் புத்தகத்தின் கொப்பியை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதிய காகிதத்தில் மாமியார் கைநாட்டு வைத்தார். கிளாக்கர் அடிமட்டத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மெல்லப் பாத்து எறக்குங்க, படி வழுக்கும் என்று எங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

பாதிப் படியில் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினேன். கீழே போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்குக் கவலையில்லை.

"எதுக்கு அத்தை அப்பிடிச் சொன்னீங்க? என் பேரு போனா நான் பாத்துக்க மாட்டேனா? நீங்க தண்ணி குடிக்காம சாகுறதப் பாக்கவா நான் இவ்வளவு அலைஞ்சேன்?"

"ஒம் பேரு ஒன்னுன்னா விட்டிருப்பேன் புள்ள" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "மீனம்மா பேரக் கேட்டாங்கன்னா அவன் அந்தப் பொஸ்தகத்தப் பூராம் கெளறுவான். ஒம்பது வீடு. ஒத்தக் காலுக்கு ஒம்பது வீட்டத் தெருவில விடச் சொல்றியா?"

மீனம்மாக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். இக்ராம் நானா நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன். கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்துக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. காம்பரா தப்பியது என்ற நிம்மதி. தனுஷிகா பரீட்சை எழுதும்வரை கூரைக்குப் பயமில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தபோது என்னை நானே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாளே பெரிய கிளாக்கர் நல்லமுத்துவிடம் சொல்லியனுப்பிவிட்டார். ஜீவராணி மலையில் வேலை செய்கிறாள் என்று தொழில் கந்தோரில் எழுதியாயிற்று, இனி ஜீவராணிதான் வர வேண்டும். மற்ற ஆட்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் நுவரெலியாவுக்குப் போன் எடுத்து, இனி வரமாட்டேன் என்று சொன்னேன். மேனேஜர் காரணம் கேட்டார். என் கால் போய்விட்டது என்று வாயில் வந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். ஒரே பனி. வீட்டை விட்டுப் புறப்படும்போது மாமியார் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அது அப்படியே இருக்கும் என்று தெரியும். நல்லமுத்து என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். பிரியந்தி என்றார். மீனம்மாக்கா கையைத் தூக்கினார். இன்னும் இரண்டு மூன்று பெயர் போனது. பிறகு எல்லோரும் எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நானும் நின்றேன்.

மீனம்மாக்கா என் முழங்கையில் இடித்தார்.

"ஒம் பேருதான் புள்ள. ரெண்டு வாட்டி கூப்பிட்டுட்டாரு."

"இருக்கேன்யா" என்றேன். நல்லமுத்து புத்தகத்தில் ஒரு கோடு போட்டார்.